மனிதக் கால் படாத இடம்

நோர்வேயின் காட்டை அறியாதவன் நோர்வேயையே அறியாதவன் என்பது இராசதுரையின் கொள்கை. அந்தக் கொள்கையும் ஒரு கூடாரமும் போன கிழமைதான் அவருடைய ஹொல்ம்லியா வீட்டுக்கு வந்து சேர்ந்தன. மகள் ராகவி விரும்பிய பையனின் தகப்பன், சென்னைக்காரர் ராமகிருஷ்ணன், இன்னும் சம்மதம் சொல்லவில்லை. தன் மதிப்பைக் காட்ட இராசதுரை அவரையும் காட்டுக்குக் கூட்டிப்போனார்.

கூடாரம் போட இடம் தேடிப் பொழுது சாயும்வரை ஏறி இறங்கினார்கள்.

"சார், இந்த ஏரிக்கரை நல்லாத்தானே இருக்கு?"

"சீ, இஞ்சை ஆக்கள் வந்துபோன தடம் கிடக்கு. முப்பது வருஷமா இந்த நாட்டிலை இருக்கிறன், எனக்குத் தெரியாதே?"

கடைசியில் புதர்களுக்குப் பின்னால் ஒரு சமதரை கிடைத்தது.

"பாத்தியளே சம்பந்தி! மனிசக் கால் படாத இடம். பிள்ளையளின்ரை விசயம் என்ன மாதிரி?"

"காலைல சொல்றேன் சார்."

காலையில் சத்தம் கேட்டுக் கூடாரத்தைத் திறந்தார்கள். மஞ்சள் அங்கி போட்ட பாலர் பள்ளிக் குழந்தைகள் சுற்றி நின்றார்கள்.

"மன்னிக்கவும், வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் இங்கேதான் சாப்பிடுவோம்" என்றார் ஆசிரியை.

ராமகிருஷ்ணன் தன் பையைக் கட்டத் தொடங்கினார்.

"கல்யாணத்துக்குச் சம்மதம் சார். ஆனா இவங்க சாப்பிட்டுக் கிளம்பட்டும், பின்னாடியே போயிடலாம்."

இரண்டு வயதுக் குழந்தைகளின் நடையில், பஸ் தரிப்பிடம் பத்து நிமிடத்தில் வந்தது.