விழாத பாலம்

திரையில் தொங்குபாலம் மூன்றாவது முறையாக அறுந்து விழுந்தது.

“இன்னிக்கும் நிக்கலைன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்ம்மா,” என்றார் வாடிக்கையாளர்.

புதிதாக அனிமேஷன் கடை போட்டவளுக்கு இதுதான் முதல் வேலை. இது கைநழுவினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கணினியில் கயிறு என்பது வெறும் புள்ளிகள்; புள்ளிக்குப் புள்ளி ஒரு ஸ்பிரிங். நாற்பது பேரை ஏற்றினால் நடு ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டது. விறைப்பைக் கூட்டினாள். புள்ளிகள் எண்ணெயில் விழுந்த கடுகாய்ச் சிதறின.

“என்னம்மா, பாலத்துக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சா?”

“ஒரு டீ குடிச்சிட்டு வாங்க சார். நிக்க வச்சிடறேன்.”

அவர் போனதும் நடுப்புள்ளிகள் நான்கை எந்த எடைக்கும் அசையாதபடி அந்தரத்தில் அப்படியே பூட்டினாள். பூட்டு திரையில் தெரியாது. விளம்பரப் படத்துக்குக் கண்ணுக்கு அழகாக இருந்தால் போதாதா?

திரும்பி வந்தவர் நாற்பது பேரும் நடந்து கடப்பதை வாய்பிளந்து பார்த்தார்.

“அட்ரா சக்கை! கில்லாடிம்மா நீ!”

சில மாதங்கள் கழித்துப் புதுச்சட்டையோடு வந்து நின்றார்.

“கிளம்பும்மா. இன்னிக்குத் திறப்பு விழா. நீதான் முக்கிய விருந்தாளி.”

“விளம்பரப் படம் வந்துடுச்சா சார்?”

“எந்தப் படம்? பாலம் கட்டுறவன்ம்மா நான். எஞ்சினீயரே வேணாம்னுட்டேன். நீ நிக்க வச்ச மாதிரியே, முடிச்சுக்கு முடிச்சு, நம்ம ஊர் ஆத்துக்கு மேல கட்டிட்டேன்!”

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“சார், யாரையும் ஏத்தாதீங்க!”

“இனிமேலா? ஸ்கூல் பிள்ளைங்களை அப்பவே விட்டாச்சு. கேளு.”

ஆற்றுப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. கும்மாளக் கூச்சல்தான், இன்னும்.