கிரெமோனாக் கோபுரத்துப் படிகள்

கரண்ட் இல்லை, பற்றரியும் இல்லை. குருநகரில் செபநாயகம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினார். டைனமோவில் ரேப்றெக்கோடர் ஓடியது. இத்தாலிக்குப் போன மகன் எட்மன் பேசி அனுப்பிய கசெட்.

"அம்மா, இது கிரெமோனா. எழுநூறு வருஷத்துச் செங்கல் கோபுரம். முன்பக்கம் பெரிய மணிக்கூடு. இப்ப உள்ளுக்கை ஏறுறன்."

கை உளைந்து செபநாயகம் நிறுத்தினார்.

மறுநாள் அவரும் மனைவி அற்புதராணியும் கசெட்டை முதலிலிருந்து போட்டார்கள். எட்மனின் மூச்சிரைப்புத்தான் கேட்டது. "அப்பா, நேற்று ஏன் நிப்பாட்டினனீங்கள்? இருட்டுக்கை நிக்கிறன். கீழ்க்கதவையும் பூட்டிப்போட்டாங்கள். சுத்துங்கோ."

அன்றிலிருந்து இருவரும் மாறி மாறிச் சுற்றினார்கள். நாடா முடிந்துவிட்டது. அவன் படியேறும் காலடிகள் முடியவில்லை.

ஒக்டோபரில் ஊரே வீடுகளை விட்டு வெளிக்கிட்டது. பக்கத்து வீட்டு றோஸ் படலையில் நின்று கூப்பிட்டாள். "அண்ணை, ஆமி கிட்ட வந்திட்டான். வாங்கோ!"

"நீ போ பிள்ளை," என்றார் செபநாயகம், கையை எடுக்காமல். "பெடியன் இன்னும் மேலை போய்ச் சேரேல்லை."