வீட்டுக்கு வராத பாட்டு

"இன்னைக்கும் வீட்டுக்கு வரலீங்களே அண்ணே!"

மாதா கோயிலில் பூசை முடிந்து சனம் கலைவதற்குள் அனுஷ்கா டீச்சர் றோலண்டைப் பிடித்துக்கொண்டாள்.

கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டிருந்த றோலண்ட் பதறிப்போனார். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். யாராவது சத்தம் போட்டால் கால் தானாக பிரேக்கைத் தேடும்.

"யாருங்க டீச்சர் வீட்டுக்கு வரல்ல?"

"பாட்டுங்க! என் பாட்டு!"

டிக்கோயாவில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் அனுஷ்கா, ஆறு மாதமாக போனில் வீடியோ பார்த்து கிட்டாரும் இசைத் தியரியும் படிக்கிறாள். படித்த சூட்டோடு மாதா திருவிழாவுக்குச் சொந்தமாக ஒரு பாட்டே கட்டிவிட்டாள். திருவிழாவுக்கு முன்பே சனத்துக்குப் பழகட்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் அதைப் பூசையில் பாடுகிறார்கள்.

தியரி சொல்வது இதுதான். பாட்டுக்கு ஒரு வீடு உண்டு. எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கே வந்துதான் இறங்க வேண்டும். அவள் பாட்டுக்கு வீடு 'சி' என்கிற சுரக்கூட்டு. அதற்கு முந்தின படி 'ஜி'. ஜியில் நிறுத்தினால், வாசல் வரை வந்தவன் உள்ளே வராமல் நிற்கிற மாதிரி இருக்கும்.

றோலண்ட் அங்கேதான் நிறுத்துகிறார். கடைசி வரியைப் பாடிப் பாடகர் குழு வாயை மூடிய பிறகும், ஜியிலேயே எதையோ மீட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆற அமர 'சி'க்கு வருகிறார்.

"சனிக்கிழம பழகையில மட்டும் டக்குனு வந்துர்றீங்க. ஞாயித்துக்கெழம ஏங்க இப்படி?"

றோலண்ட் தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழம ஆளுக கூடங்க டீச்சர்."

"ஆளு கூடுனா பாட்டு மாறுமா?"

"எனக்கு தியரி தெரியாதுங்களே."

அனுஷ்காவுக்குத் தலை சுற்றியது. அதே ஆள், அதே கிட்டார், அதே பாட்டு. கிழமை மாறினால் முடிவு மாறுமா?

வீட்டுக்குப் போய் வீடியோக்களைக் கிண்டினாள். ஏமாற்றி முடிப்பது எப்படி என்று ஒரு பாடம் இருந்தது. இது அதில்லை. சொந்தக் கற்பனையில் வாசிப்பதைப் பற்றி ஒரு மணிநேரப் பாடம். 'விதியை முதலில் படி, பிறகு மீறு' என்றார் அதில் ஒருவர். இந்த மனுசன் படிக்காமலே மீறுகிறாரே!

மூன்று ஞாயிறு போனில் பதிந்து, தாளம் தட்டி எண்ணினாள். மூன்று ஞாயிறும் அந்த இழுவை சரியாக ஒரு வரி நீளம். பிழை விடுகிறவர் இத்தனை அளவாகவா விடுவார்? எண்ணிப் பார்த்ததில் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

கடைசியில் 'திமிர்' என்று முடிவு கட்டினாள். விளங்காததற்கெல்லாம் திமிர் என்று பெயர் வைத்துவிட்டால் நமக்கும் நிம்மதிதானே.

நேரே ஃபாதரிடம் போனாள்.

"திருவிழாவுக்கு நானே கிட்டார் வாசிக்கிறேன் ஃபாதர். றோலண்ட் அண்ணன் வேணாம்."

"பதினெட்டு வருசமா வாசிக்கிறாரும்மா. அத விட்டா அவருக்கு வேற என்ன இருக்கு?"

"வருசம் கூடுனா பிழை சரியாயிருமா?"

ஃபாதர் பெருமூச்சு விட்டார். "சரி. வர்ற ஞாயிறு பூசைக்குப் பொறகு முடிவா சொல்லுங்க. நானே அவர்கிட்ட பேசுறேன்."

அந்த ஞாயிறு அனுஷ்கா குழுவோடு மைக் பக்கம் நிற்கவில்லை. சாட்சிக்கு வீடியோ எடுக்க, பக்கவாசல் ஓரமாக றோலண்டுக்கு அருகிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டுத் தாள்களை எல்லாருக்கும் அவளேதான் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய பழைய பரீட்சைத் தாள்களின் வெறும் பக்கத்தில் போட்டோகொப்பி அடித்தவை.

முன் பெஞ்சில் மார்கிரட் அக்கா. கொழுந்து எடுக்கிறவர். சனிக்கிழமை மலையில் வேலை இருப்பதால் பழகுவதற்கு வரமாட்டார். ஞாயிறு மட்டும் தவறாமல் வந்து, தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பாடுவார்.

பாட்டு ஆரம்பித்தது. மார்கிரட் அக்காவின் சின்னக் குரலை அனுஷ்கா அன்றுதான் கேட்டாள். குழு ஒரு வரியைப் பாடி முடிக்கிறது. அதைக் காதில் வாங்கி, அடுத்த வரி நேரத்தில் அக்கா பாடுகிறார். முதலிலிருந்தே ஒரு வரி பின்னால்.

இதென்ன கூத்து? தாள்தான் கையில் இருக்கிறதே!

குழு முடித்துவிட்டது. மார்கிரட் அக்காவுக்கு இன்னும் ஒரு வரி பாக்கி. றோலண்ட் ஜியில் நின்றார். அவர் கண் கம்பியில் இல்லை, அக்காவின் வாயில் இருந்தது. அக்கா கடைசிச் சொல்லைப் பாடி முடித்த பிறகுதான் 'சி' விழுந்தது.

அனுஷ்கா எழுந்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். அக்கா தன் பக்கம் பிடித்திருந்த பக்கத்தில் பாட்டே இல்லை. 'தரம் ஐந்து, கணிதம், இரண்டாம் தவணைப் பரீட்சை' என்று இருந்தது.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பதிந்ததையெல்லாம் அங்கேயே அழித்தாள்.

வாசலில் ஃபாதர் நின்றிருந்தார். பின்னால் றோலண்ட் கிட்டாரோடு வந்தார். பக்கத்தில் மார்கிரட் அக்கா தாளைப் பத்திரமாக நாலாய் மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், இன்னைக்கும் அதே பிழைதான் போல. அவருகிட்ட சொல்லிரவா?" என்றார் ஃபாதர்.

"அண்ணனே வாசிக்கட்டும் ஃபாதர்," என்றாள் அனுஷ்கா. "பிழை அவரு மேல இல்ல. நான்தான் பாட்டுல ஒரு வரி கொறச்சு எழுதிட்டேன்."