சிட்டுவுக்கு எந்த மருந்து?

"ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர். எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை" என்றாள் சிட்டுவின் அம்மா.

சிட்டுவுக்குப் பதின்மூன்று வயது. போன மாதம் மூன்று நாள் கண்ணே மூடாமல், அம்மாவின் தையல் கடைக்கு வந்த துணிகளையெல்லாம் வெட்டிப்போட்டு, பள்ளிக்கூடம் முழுவதற்கும் கொடி தைக்கப்போவதாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். இந்த மாதம் தலை வாரக்கூட எழுந்திருக்கவில்லை. "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதிதானேம்மா" என்று ஒரு நாள் சுவரைப் பார்த்தபடி கேட்டாள். அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். இருமுனை மனநோய் என்றார்கள்.

டாக்டரம்மா பொறுமையாக மறுபடி விளக்கினார். முதல் மருந்து லித்தியம். நெடுநாளாகப் புழக்கத்தில் இருப்பது. ஆனால் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கவனிக்க வேண்டும். இரண்டாவது சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் பசி கூடும், எடை ஏறும், தூக்கம் தள்ளும். இரண்டுமே கொடுக்கக்கூடியவைதான்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தத் தொந்தரவு உண்டா என்றும் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் கிடையாது டாக்டர்" என்று கணவருக்கும் சேர்த்து அவளே பதில் சொன்னாள்.

"கொஞ்ச நேரம் வெளியில உட்கார்ந்து பேசிட்டு வாங்க. சிட்டுவையும் கேளுங்க. சாப்பிடப்போறது அவதான்."

வராந்தா பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். சிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மாத்திரை போட்டா நான் நானாவே இருப்பேனாம்மா?"

அம்மா அவள் கலைந்த தலைமுடியைக் கோதிவிட்டாள். நல்லவேளையாக நர்ஸ் வந்து, எடை பார்க்க சிட்டுவைக் கூட்டிப்போனார்.

அவள் நகர்ந்ததும் அம்மா கொட்டித் தீர்த்தாள். அக்காவிடம் கேட்டால் மருந்தே வேண்டாம், வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்கிறாள். பக்கத்துக் கடைக்காரி சிறுநீரகம் போய்விடும் என்கிறாள். போனில் தேடினால் ஒரு பக்கம் அமிர்தம் என்கிறது, அடுத்த பக்கம் விஷம் என்கிறது. எடை ஏறினால் பள்ளியில் கேலி செய்வார்கள். எதையுமே கொடுக்காவிட்டால், அந்தச் சுவரைப் பார்த்துப் பேசிய பேச்சு.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சுக்கும் அவருக்கும் வெகு தூரம். புடவை நிறத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்பவர். இன்று அவராகவே வாயைத் திறந்தார்.

"முதல் மருந்தையே கொடுக்கலாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆரம்பத்தில் கை லேசாக நடுங்கும், தாகம் எடுக்கும், நிறையத் தண்ணீர் குடித்தால் சமாளித்துவிடலாம், ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பட்டனை அமுக்கிச் சரிபண்ண இது என்ன லிஃப்டாங்க? டாக்டரே ரெண்டுல ஒண்ணைச் சொல்லத் தயங்கறாங்க. நீங்க என்னமோ கூடவே இருந்து பார்த்த மாதிரி சொல்றீங்க."

அவள் குரல் உடைந்தது.

"எனக்கு என் பொண்ணு பொம்மையாயிடக் கூடாது. அவ்வளவுதான். அந்த மாத்திரையைச் சாப்பிட்டுட்டு, வேலைக்குப் போய், சிரிச்சுப் பேசி, குடும்பம் நடத்தற ஒரே ஒரு ஆளை என் கண்ணுல காட்டுங்க. இப்பவே உள்ளே போய்ச் சரின்னு சொல்லிடறேன்."

வராந்தாவின் கோடியில் சிட்டு எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்றாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"தினமும் சாப்பிட்டதும் நான் போடறது பிரஷர் மாத்திரைன்னுதானே, பதினஞ்சு வருஷமா நினைச்சுட்டிருக்கே?"