மழித்த மீசை

திருவேற்காட்டு மொட்டை மாடியில் வெயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சரிகிறது. இரண்டு காட்சிகள் பாக்கி; இனி ஒரு காட்சிக்குத்தான் வெளிச்சம் தாங்கும். குறும்படத்தை இயக்கும் சௌம்யா, மடியிலுள்ள டேப்லெட்டில் படப்பிடிப்புச் செயலியைத் திறந்து, அப்பா அழும் காட்சியை விரலால் தள்ளி நீக்குகிறாள். மறுநொடி மாடியெங்கும் கைப்பேசிகள் 'டிங்' என்கின்றன. கேமராக்காரனின் பையில், விளக்குக்காரனின் இடுப்பில், கடைசியாக, சுவரோரம் வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பரந்தாமனின் சட்டைப்பையில். அப்பாவாக நடிக்க வந்திருக்கும் ஷேர் ஆட்டோக்காரர். அவரையும் செயலியில் சேர்த்திருந்ததை அவள் மறந்தே போனாள். இந்த ஒரு காட்சிக்காகக் காலையில் மீசையை எடுத்திருக்கிறார்; அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து, உதடசையப் படிக்கிறார். டேப்லெட்டில் அவர் பெயருக்கு நேரே 'பார்த்துவிட்டார்' என்று பச்சைக்குறி விழுகிறது. பத்தடி தூரத்தில்தான் நிற்கிறார், எழுந்துபோய்ச் சொல்லியிருக்கலாம். "அண்ணே, நானே சொல்லணும்னுதான்..." என்று எழுகிறாள். "உடும்மா. வெளிச்சம் பூட்சின்னா நீ இன்னா பண்ணுவே? மீசதானே, மொளச்சிக்கும்." சிரித்தபடி படியிறங்குகிறவரின் கை, பழக்கத்தில் மீசையை முறுக்க மேலே போகிறது. அங்கே ஒன்றுமில்லாததால் வாயைத் துடைத்துக்கொள்கிறது.