நீல ஸ்கூட்டர்

"என் ஸ்கூட்டர் எங்க சார்?"

காலையிலேயே தொடங்கிவிட்டாள். ஸ்டேஷன் வாசலில் நின்று அவள் போட்ட கூச்சலில், எதிர் டீக்கடை பெஞ்சு மொத்தமும் இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது.

ஏட்டு காதைக் குடைந்துகொண்டார். "ஒரு வாரமா இதே பாட்டு. தேடிட்டுத்தானேம்மா இருக்கோம்."

"நாற்காலியில உக்காந்துக்கிட்டேவா சார் தேடுவீங்க?"

டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். ஏட்டின் முகம் சுண்டிப்போனது. பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்று முனகினார். அது அவள் காதில் விழுந்தது. குரலை இன்னும் ஒரு படி ஏற்றினாள்.

அவளுக்கும் வேறு வழியில்லை. கம்பெனிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஒன்று வந்தால் மற்றது வராது. இன்னொரு தரம் லேட்டானால் வாசலோடு திரும்பிவிடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வீட்டிலேயே முதல் டிகிரி அவளுடையது. வீட்டுக்கு வரும் ஒரே சம்பளமும் அவளுடையதுதான்.

"வண்டி பேப்பராவது இருக்கா?"

"எல்லாம் சீட்டுக்கு அடியில. திருடன்கிட்ட கேட்டு வாங்கிட்டு வரட்டுமா?"

இன்ஸ்பெக்டரே எழுந்து வாசலுக்கு வந்தார். "நாளைக்கும் வருவியா நீ?"

"நாளைக்கு எஸ்.பி. ஐயா ஸ்டேஷனைப் பார்வையிட வர்றாராமே. அவருகிட்டயே கேட்டுக்கறேன்."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு கொல்லைப்புறத்தைப் பார்த்தார். எப்போதோ பிடிபட்ட வண்டிகள் அங்கே கேட்க நாதியில்லாமல், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து துருப்பிடித்துக் கிடந்தன. அதில் உருப்படியாக இருந்த ஒன்றை ஏட்டு உருட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தாம்மா, உன் வண்டி."

"என்னுது நீலம் சார். இது சிவப்பு."

"திருடன் பெயிண்ட் அடிச்சிருப்பான்," என்றார் இன்ஸ்பெக்டர், கண் இமைக்காமல்.

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "கெட்டிக்காரன்தான். நம்பரைக்கூட மாத்தியிருக்கான்."

"கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போ தாயே. இனிமே உன் சத்தம் இங்க கேக்கக் கூடாது."

போட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"ஏறி ஓட்டிட்டுப் போயேம்மா," என்றார் ஏட்டு.

"பெட்ரோல் இல்ல சார்."

தெருமுனை தாண்டியும் தள்ளிக்கொண்டேதான் போனாள்.

அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாது, அவளிடம் ஸ்கூட்டர் என்று ஒன்று இருந்ததும் இல்லை. போன வருஷம் திருடுபோய் இன்றுவரை கிடைக்காதது அம்மாவின் தையல் மெஷின், அதற்கு இதே ஏட்டிடம் அவள் கைகட்டி நின்று, மெதுவான குரலில், ரொம்ப மரியாதையாகப் புகார் சொல்லியிருந்தாள்.