எருக்கிலைச் சிறை

சில வாரமே வாழ்கிற ஒருத்திக்கு இருநூறு வருஷச் சிறை. மிச்சத் தண்டனையை யார் அனுபவிப்பது? விடை சொல்லுங்கள், பார்ப்போம்.

நீதிபதி ஆமையாருக்கு விடை தெரியும். தம் தோட்டத்துப் பூவில் தேன் குடித்த வண்ணத்துப்பூச்சிக்கு அந்தத் தண்டனையைக் கொடுத்தவரே அவர்தான். அவருடைய அப்பா கொடுத்த பெரிய தண்டனை நூறு வருஷம். அதை மிஞ்சிவிட்ட பெருமையில் ஆமையாரின் கழுத்து ஓட்டுக்குள் போகவே மறுத்தது.

"ஐயா, அடுத்த பௌர்ணமிக்கே நான் இருக்க மாட்டேன். பிறகு யாரைப் பூட்டி வைப்பீர்கள்?" என்றாள் அவள்.

"உன் பிள்ளையை!"

ஆடுகூட வாய் வைக்காத எருக்கிலைகளாகப் பார்த்துத் தைத்துச் சிறை கட்டச் சொன்னார். உள்ளே அவள் ஒரு முட்டையிட்டாள். சில நாளில் இறந்துபோனாள். முட்டையிலிருந்து புழு வந்தது. அந்த இனத்துப் புழுக்களுக்கு எருக்கிலைதான் சோறு. ஆமையாருக்கு அது தெரியாது. யாரையும் கேட்கும் வழக்கமும் இல்லை.

"என் காலில் விழு, இப்போதே விட்டுவிடுகிறேன். இல்லையென்றால் இந்தச் சுவர் நிற்கும்வரை உள்ளேதான்" என்றார் பெரிய மனதோடு.

புழு சிறையைத் தேர்ந்தெடுத்தது.